விடிந்த பிறகு இரண்டு மணி நேரம்

எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். சுகமாகிப் போன நோயாளி ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் சிஸ்டர் என்று கேட்டு, அங்கே இப்போது வேலை பார்க்கும் நர்ஸ் பெண்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். பிரசவம், டைபாய்டு, பாம்புக்கடி என்றால் எழுதித் தள்ளிவிடலாம். நான் அதிக வருஷம் பார்த்தது முடக்குவாதம். அதில் முழுக்கச் சுகமாகிப் போனவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. நோயோடு மல்லுக்கட்டிப் பிழைப்பை நடத்தியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "உங்க காலத்துல இதுக்கு மருந்தே இருந்திருக்காதே, பாவம்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மருந்து குறைவுதான், வாஸ்தவம். ஆனால் வேலை தெரிந்தவர்கள் நாங்கள். ஒரு மருந்தை நாங்கள் மூட்டு நோய்க்குக் கொடுக்கத் தொடங்கும் முன்பே அது சந்தைக்கு வந்து செய்த அட்டகாசத்தையும் பார்த்தவர்கள். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் பங்குக்கு நான் செய்ததையும் மறைக்கப் போவதில்லை.

என் சொந்த ஊர் எரியோடு. அப்பா கடலையும் சோளமும் போடும் சம்சாரி. பள்ளிக்கூடம் முடித்ததும் மதுரையில் நர்ஸ் படிப்பு. விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிப்பது, வலிக்காமல் ஊசி போடுவது, வருவது எந்த சிஸ்டர் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது, மூன்று வருஷத்தில் கற்றது இவ்வளவுதான். ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லுக்கு வேலைக்கு வந்தேன். எனக்குக் கை வேகம் அதிகம். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் செய்து முடித்திருப்பேன். எல்லோரும் அதைப் பாராட்டினார்கள், பெரிய டாக்டரைத் தவிர.

பெரிய டாக்டர் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மூட்டு நோயாளி வந்து உட்கார்ந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார். "காலையில எந்திரிச்சதும் மொத வேலை என்ன? அதை எப்பச் செய்ய முடியுது?" இதுதான் முதல் கேள்வி. அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கையில் கடிகாரம் ஏது? பால்காரர் வந்தபோது கை மடங்கியது, பள்ளிக்கூட மணி அடித்தபோது சீப்பைப் பிடிக்க முடிந்தது என்று பதில் வரும். அதை அவர் மணிக்கணக்காக மாற்றிச் சீட்டில் எழுதுவார். இந்த நோயில் தூங்கி எழுந்ததும் மூட்டுகள் பூட்டிக்கொண்டது போல இறுகிக் கிடக்கும். அந்த இறுக்கம் விடிந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் நோயின் அளவு. அரை மணி என்றால் அடங்கியிருக்கிறது. இரண்டு மணி என்றால் ஆட்டம் போடுகிறது.

அடுத்தது கைப்பிடி. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி, இருபதில் பாதரசம் நிற்கும்படி காற்றடித்து, நோயாளி கையில் கொடுத்துப் பிழியச் சொல்ல வேண்டும். பாதரசம் ஏறும் அளவு பிடியின் பலம். அதற்கும் அடுத்தது பூட்டு. திண்டுக்கல்லில் பூட்டுக்குப் பஞ்சமா? டாக்டர் மேஜையில் மூன்று இருக்கும். பெட்டிக்குப் போடும் சின்னப் பூட்டு, கதவுக்குப் போடும் நடுப்பூட்டு, மாங்காய் வடிவத்தில் கனத்துக் கிடக்கும் மாங்காய்ப் பூட்டு. சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துத் திருப்ப வேண்டும். எது திறந்தது, எது திறக்கவில்லை என்று நான் எழுதிக்கொள்வேன். புதிதாக வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தோமா, பூட்டுக்கடைக்கு வந்தோமா என்று முழிப்பார்கள்.

ஒருமுறை சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு நெசவாளி வந்தார். காலையில் தறியில் உட்காராமல் சோம்பேறித்தனம் பண்ணுகிறான் என்று முதலாளி அவரை நிறுத்தப் பார்த்தார். டாக்டர் மருந்து எழுதும் முன் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். "இவர் கை ஒன்பது மணிக்குத்தான் விழிக்கும். ஒன்பதுக்கு மேல் நெய்யவிட்டால் மற்றவர்களைப் போலவே நெய்வார்." அவ்வளவுதான் கடிதம். அந்த மனிதர் அதற்குப் பிறகும் பல வருஷம் நெய்தார்.

மெழுகு என் பொறுப்பு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி, பாரபின் மெழுகைப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு உருக்க வேண்டும். உருகியதும் கையை விட்டால் கொப்புளம் போட்டுவிடும். இறக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். பாலில் ஆடை கட்டுவது போல மேலே மெல்லிசாக ஒரு படலம் படியும், அதுதான் பதம். முதலில் என் கையை விட்டுப் பார்ப்பேன், பிறகுதான் நோயாளி கை. முக்கி எடுத்து, காயவிட்டு, மறுபடி முக்கி, பத்துத் தடவை. வெள்ளைக் கையுறை போட்டது போல ஆகிவிடும். மேலே வாழை இலையைச் சுற்றி, துண்டால் கட்டி இருபது நிமிஷம். உரித்து எடுத்ததும் விரல்கள் இளகியிருக்கும். அந்தச் சூடு ஆறும் முன் ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்ட வேண்டும். இதை நான் அவசரப்படாமல் செய்வேன். மெழுகிடம் அவசரம் எடுபடாது.

ராக்கம்மாள் வந்தது ஒரு தை மாதம், அறுபதுகளின் தொடக்கத்தில். முப்பது வயசு இருக்கும். நிலக்கோட்டைக்கு மேற்கே இரண்டு மைலில் ஊர். புருஷன் வீரணனுக்கு ஒரு ஏக்கருக்குக் குறைவாக மல்லிகைத் தோட்டம். பறிக்கிற கை இரண்டே பேருடையதுதான். அவள் சின்னப் பூட்டைக்கூடத் திறக்கவில்லை. பாதரசம் ஐம்பதைத் தொடவே இல்லை. விரல் கணுக்கள் பச்சைச் சுண்டைக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

"மொத வேலை என்னம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"பூப் பறிக்கிறதுங்கய்யா. மொட்டாப் பறிச்சாத்தான் வெல. வெயில் வந்தா வாயத் தொறந்துரும். ஏழு மணி வண்டிக்குக் கூடை போயிரணும்."

"கை எப்பத் திறக்குது?"

அவளை முந்திக்கொண்டு வீரணன் சொன்னான். "எட்டரை மணி பஸ்ஸு போன பெறகுதான் அவளால டம்ளரையே பிடிக்க முடியுதுய்யா. விடியுமுன்ன கொதிக்கிற கஞ்சித்தண்ணியில கையை முக்கிக்கிட்டு அழுவுறா. அழுதுக்கிட்டே பறிக்கிறா."

அவள் வேதனை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, எந்த நேரத்தில் அவள் கை திறக்காதோ அந்த நேரத்தில் மட்டுமே செய்ய முடிந்த வேலை அவளுக்கு வாய்த்திருந்தது. மல்லிகை மொட்டை நகத்தால் கிள்ள வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில். அவளால் முடியாது என்று ஆகிவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் கூலிக்குப் போக வேண்டியதுதான். கையில்லாதவளுக்குக் கூலி யார் தருவார்கள்? அந்தத் தோட்டத்தில் நிற்க முடியுமா முடியாதா என்பதுதான் அவளுக்குக் கேள்வி. வலி இரண்டாம் பட்சம்.

"பனியில நின்னதுனால வந்துருச்சாய்யா?" என்று கேட்டாள்.

"பனியில நின்ன எல்லாருக்கும் வரலையே. உடம்புக்குள்ள காவலுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. வெளியிலேருந்து கிருமி வந்தா அடிக்கும். அது ஆள் அடையாளம் தெரியாம சொந்த மூட்டையே அடிக்க ஆரம்பிச்சிருக்கு. அப்படித்தான் இப்பப் புதுசா எழுதுறாங்க. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல."

ராக்கம்மாள் தன் விரல் கணுக்களைத் தடவிப் பார்த்தாள். "வீட்டு நாயே வீட்டுக்காரியக் கடிக்குதுங்கிறீகளாய்யா?"

"அதேதான்."

"அப்ப அடிச்சுத் தொரத்த முடியாது. கட்டித்தான் போடணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பெரிய பெரிய படிப்பாளிகளுக்குப் புரியவைக்க அவர் அரை மணி நேரம் படம் வரைவார். இவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்குள் அந்த நோய்க்கு நாய் என்றே பெயர். இன்னைக்கு உறுமுது, இன்னைக்குப் படுத்துக் கெடக்கு என்பாள்.

சாப்பாட்டோடு சேர்த்து ஆஸ்பிரின், படுக்கும்போது மணிக்கட்டைத் தாங்க மாவுக்கட்டில் செய்த தாங்கி, வாரம் ஒருமுறை மெழுகு, மத்தியானம் ஒரு மணி நேரப் படுக்கை. ஏழெட்டு வாரத்தில் சின்னப் பூட்டு திறந்தது. நான் துள்ளினேன். பங்குனி பிறந்தது, மல்லிகை பொங்கும் காலம். ராக்கம்மாள் வருவது நின்றுபோனது.

ஆடி மாதம் வரை அவளைக் காணோம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா என்று டாக்டர் சொன்னார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன். அவள் தோட்டத்தில் இருந்தாள். பார்த்ததும் அசந்துவிட்டேன். ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பி, முகம் வட்டமாக மினுமினுத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் அழைத்துப் போனாள், அந்தப் பிடியில் பலம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, "ஒங்க கை ராசியான கைதான் நர்சம்மா. எப்பிடிக் கெடந்த புள்ள, எம்புட்டுச் சதை போட்டுருக்கா பாருங்க" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் உடம்பு தேறியதற்கு முகத்துச் சதைதானே சாட்சி? படித்த நானும் அதையேதான் பார்த்தேன்.

பிறகுதான் அவள் முழங்கையில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றிப்போயிருந்ததைக் கவனித்தேன். எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். கூடை உரசினாலே இப்படி ஆகிறது என்றாள். நான் துருவித் துருவிக் கேட்ட பிறகு, தோட்டத்தை ஒட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே செய்தித்தாளில் மடித்த வெள்ளைப் பொடிப் பொட்டலங்கள், இருபது இருபத்தைந்து இருக்கும்.

"சந்தைக்கு ஒரு வைத்தியர் வாராரு நர்சம்மா. மூணு வேளைக்கு மூணு பொட்டணம். மூணாம் நாளே கை தொறந்துருச்சு. ஒங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீகன்னுதான்..."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாரா வாரம் மெழுகில் என் கையைச் சுட்டுக்கொண்டு நான் இளக்கிய விரல், பேரை ஒரு சந்தைக்காரன் தட்டிக்கொண்டு போகிறான் என்கிற ஆத்திரம்தான் அதில் பாதி. டப்பாவைப் பிடுங்கினேன். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து வாய்க்கால் தண்ணீரில் கொட்டினேன். "இனிமே இதைத் தொட்டேன்னு தெரிஞ்சா நான் ஒன் வாசல மிதிக்க மாட்டேன். சத்தியம் பண்ணு" என்றேன். அவள் என் கைமேல் அடித்துச் சத்தியம் பண்ணினாள். திரும்பும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசமாச் சாப்பிட்டா?"

"பங்குனியிலேருந்து டாக்டர். எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஒரு பொட்டலம் பாக்கி வைக்கல."

"முகம்?"

"உருண்டையா, மினுமினுன்னு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கியது. அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

"டிரைவரைக் கூப்பிடு. சலைன் ரெண்டு பாட்டில், கண்ணாடி அலமாரி மேல்தட்டுல இருக்கிற ஊசி மருந்து அத்தனையும் எடுத்துக்கோ. நீயும் வா."

வண்டியில் போகும்போதுதான் விளக்கினார். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை நுணுக்கிக் கலந்திருக்கிறான். புதிதாக வந்த மருந்து. வீக்கத்தை உடனே வாங்கும், முகத்தை உப்பவைக்கும், தோலை மெலியவைக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மருந்தைப் போலவே உடம்புக்கு உயிர் தரும் ஒரு சுரப்பை நம் உள்ளேயே ஒரு சுரப்பி சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையை விட்டுவிடும். "வெளியிலேருந்து வந்ததை நீ ஒரே நாள்ல நிறுத்திட்ட. உள்ள இருக்கிறது இன்னும் முழிக்கல" என்றார். அதற்கு மேல் ஊர் வந்து சேரும்வரை ஊசி மருந்தின் அளவைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்தது.

ராக்கம்மாள் பாயில் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாந்தி. கண் செருகியிருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. அழுத்தம் பார்த்தேன், பாதரசம் எங்கே துடிக்கிறது என்றே பிடிபடவில்லை. டாக்டர் மண்டியிட்டு நரம்பைத் தேடினார். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவது தடவை கிடைத்தது. அதே ஸ்டீராய்டை ஊசியில் ஏற்றிவிட்டு சலைன் பாட்டிலைப் பூக்கூடை கட்டும் கயிற்றால் உத்திரத்தில் தொங்கவிட்டோம். வீரணன் சுவரோரம் நின்றுகொண்டு, "நர்சம்மா சொன்னதுலேருந்து அவ அதைத் தொடவே இல்லய்யா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் பேரில் தப்பில்லை என்று டாக்டரிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான்.

"தப்பு என் மேலதான் அப்பு. கொட்டினது நான். இப்பிடி நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியல" என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.

இரண்டு மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. மெதுவாகச் சொன்னாள்.

"நர்சம்மா, நீங்க சொன்ன மாதிரியே நான் தொடவே இல்ல. எம்புட்டு வலிச்சும் தொடல."

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் அழுதேன். நர்ஸ் வேலைக்கு வந்து அப்படி அழுதது அது ஒருமுறைதான். என் பேச்சைக் கேட்காத நோயாளிகளைப் பற்றி நான் எத்தனையோ புலம்பியிருக்கிறேன். பேச்சைக் கேட்ட ஒருத்தி அன்று சாகக் கிடந்தாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தோம். மறுநாள் கஞ்சி குடித்தாள். அன்று சாயங்காலம் டாக்டர் அவள் சீட்டை என்னிடம் நீட்டி, நடந்ததை எழுது என்றார். "நோயாளி சந்தை மருந்தை நிறுத்தியதால் மயக்கமானார்" என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு நோயாளி என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார்.

"யாரு நிறுத்தினது?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். "டாக்டரைக் கேட்காமல் மருந்தை நான் வாய்க்காலில் கொட்டினேன்." கீழே என் கையெழுத்து. அவர் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ராக்கம்மாளைக் கரையேற்றும் வேலையை முழுக்க என் தலையில் கட்டினார்.

ஸ்டீராய்டை இனி நாங்களே கொடுத்து, நாங்களே குறைக்க வேண்டும். மாத்திரையை பிளேடால் நாலாக வெட்டுவேன். ஒவ்வொரு முறையும் கால் மாத்திரை குறையும். குறைத்த பின் இரண்டு மூன்று வாரம் அப்படியே. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் குறைக்கக் கூடாது, உடனே ஓடி வர வேண்டும். இன்ன மருந்து சாப்பிடுகிறவர், யாரும் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று தமிழில் ஒரு சீட்டு எழுதி அவள் சுருக்குப்பையில் போட்டேன். நான் எழுதிய அப்படிப்பட்ட சீட்டுகளில் அதுதான் முதலாவது. ஓய்வு பெறும்வரை எழுதினேன். அந்தச் சந்தை வைத்தியரைப் பற்றி டாக்டர் மேலே எழுதிப் போட்டார். அதற்குள் ஆள் வேறு சந்தைக்கு மாறிவிட்டார்.

மாத்திரை குறையக் குறைய இறுக்கம் திரும்பி வந்தது. நாய் முழிச்சிருச்சு நர்சம்மா என்று ராக்கம்மாள் அழுதாள். மறுபடி விடிந்து இரண்டு மணி நேரம். நானும் டாக்டரும் என்னென்னவோ யோசித்தோம். சீக்கிரம் எழுப்பிச் சூடு கொடுக்கலாமா, ஆள் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"இந்த ரெண்டு மணி நேரத்தத்தான் ஒங்களால மாத்த முடியலயே. பூவ மாத்துனா என்னய்யா? கனகாம்பரம் வெயிலுக்கு வாயத் தொறக்காது. செடியிலயே ரெண்டு நா நிக்கும். பத்து மணிக்குப் பறிச்சாலும் பூப் பூதான். நகத்தால கிள்ள வேணாம், இழுத்தா வந்துரும்."

வீரணனுக்கு இது பிடிக்கவில்லை. "மல்லியப் பிடுங்கிப்புட்டுக் கனகாம்பரமா? வாசம் இல்ல, எடை இல்ல. ஒரு கூடை பறிச்சாலும் தராசு அசையாது" என்றான். அவள் விடவில்லை. "மல்லி நிக்கட்டும். அதுக்கு நீ பறி. எனக்கு ஆறு பாத்தி குடு. பொம்பளைக்கு ஆறு பாத்தி குடுக்க மாட்டியா?" என்றாள். டாக்டர் முன்னால் கேட்டுவிட்டாள், அவன் எப்படி முடியாது என்பான்? புரட்டாசியில் நாற்று நட்டார்கள்.

மற்ற மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சனிக்கிழமைதோறும் போய் அவள் ஒரு நாளில் என்னென்ன செய்கிறாள் என்று கூடவே நின்று பார்த்தேன். குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கவைத்தேன். கரண்டிக் காம்பிலும் அரிவாள் பிடியிலும் பழந்துணி சுற்றிப் பருமனாக்கினோம், விரல் முழுக்க மடங்க வேண்டியதில்லை. மெழுகுக்குப் பதில் உப்புப் போட்ட வெந்நீர். மத்தியானப் படுக்கையை ஊர் கேலி செய்தது, அவள் படுத்தாள். எலும்பு கெட்டிப்பட ராகிக் கூழ், முருங்கைக் கீரை, அயிரை மீன் கிடைத்த நாளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதுவே வெஞ்சனம். சும்மா படுத்தே கிடந்தாலும் மூட்டு கெட்டுப்போகும், முரட்டு வேலை செய்தாலும் கெட்டுப்போகும். இரண்டுக்கும் நடுவில் நடக்க அவள் பழகினாள். சாயங்காலம் கண்மாய்க் கரைவரை நடந்துவிட்டு வருவாள்.

ஆட்டுக்கல்தான் பெரிய வழக்கு. அவள் அதில் கை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் யார் ஆட்டுவது? ஒரு சனிக்கிழமை நான் போனபோது வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாவு ஆட்டிக்கொண்டிருந்தான். தெருவில் போன ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஏலே வீரணா, என்னலே இது, மாவா ஆட்டுற?" என்று கேட்டுச் சிரித்தார். "ஆமாண்ணே, ஒங்க வீட்டுல ஊற வச்சிருந்தா குடுத்து விடுங்க, சேத்து ஆட்டிருறேன்" என்றான் அவன், குழவியை நிறுத்தாமல். அன்றுதான் அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

தை மாதம் கனகாம்பரம் பூத்தது. ஒன்பதரை மணி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அழாமல், பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணோடு வாயடித்துக்கொண்டே ராக்கம்மாள் பறித்தாள். வாசமில்லாத பூவின்மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான். முகத்து உப்பல் வடிந்து பழைய ஒட்டிய கன்னம் திரும்பியது. இளைச்சுப் போயிட்டாளே என்று ஊர் வருத்தப்பட்டது. வருத்தப்படாதீங்க, இப்பத்தான் நல்லா இருக்கா என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரையில் கடைசிக் கால் மாத்திரைக்கு வந்து சேர்ந்தோம். அந்தச் சனிக்கிழமை நான் போனதும் அவள் என்னை வாய்க்கால் வரப்புக்கு அழைத்துப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காகிதத்தில் மடித்த கால் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஒண்ணுதான் பாக்கி நர்சம்மா. நாய் ஒரு மாசமாச் சத்தம் போடாமப் படுத்துக் கெடக்கு. வாய்க்கால்லயும் தண்ணி ஓடுது. நீங்களே போட்டுருங்க. ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

மல்லிகைப் பாத்தியில் நின்ற வீரணன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் கை தானாக வாய்க்கால் பக்கம் நீண்டது. பழைய வேகம் எங்கே போகும்? சட்டென்று விரல்களை மூடிக்கொண்டேன்.

"செத்தப் பொறு ராக்கு. டாக்டரைக் கேட்டுட்டு வாரேன்."

"இந்தத் துணுக்குக்காகத் திண்டுக்கல் போயிட்டா வாரீக?"

"போயிட்டுத்தான் வாரேன்" என்று மாத்திரையைக் காகிதத்தோடு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர் அவளை வரச் சொன்னார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தார். இறுக்கம் இப்போது அரை மணி. சின்னப் பூட்டு திறந்தது, நடுப்பூட்டும் திறந்தது. மாங்காய்ப் பூட்டு அசையவில்லை. வலது கையில் இரண்டு விரல் கோணியது கோணியதுதான், அது கடைசிவரை நிமிரவில்லை. "இம்புட்டுப் பெரிய பூட்டுப் போட்டுப் பூட்ட எங்க வீட்டுல என்னய்யா இருக்கு, விடுங்க" என்றாள். ஆஸ்பிரினும் மற்றதும் அப்படியே இருக்கட்டும், இந்த மாத்திரையை நிறுத்தலாம் என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே கொட்டிடு. சீட்டுலயும் எழுதிடு."

அடுத்த சனிக்கிழமை போனேன். திங்கட்கிழமை சீட்டை எடுத்து, என் பழைய கையெழுத்துக்கு நேர் கீழே எழுதினேன். "டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கடைசிக் கால் மாத்திரையை நான் வாய்க்காலில் கொட்டினேன். நோயாளி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்."